மூன்றாம் பல்

பிப்ரவரி 12, திங்கள்

நேற்றுக் காலை ஒன்பது இருபதுக்கு விமானம் விழுந்தது. நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

இடம், பல்லடம் தாண்டி ஒரு மில்காரர் தோட்டத்தை ஒட்டிய மண் ஓடுதளம். ஓட்டியவர் ஜெரால்டு. வயது நாற்பத்தெட்டு. சின்ன விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கழகம் ஒன்றில் பயிற்சியாளர். விமானத்தைக் கட்டியவன் நான். ஆறரை வருடம், கணபதியில் என் லேத் பட்டறையின் பின்பக்கக் கொட்டகையில் கட்டினேன். வரைபடம் மட்டும் தபாலில் வந்தது. மற்றதெல்லாம் என் கை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுபத்தோரு வயதில் கட்டிய விமானம் நவம்பரிலிருந்து பதினான்கு முறை பறந்து பதினான்கு முறையும் ஒழுங்காக இறங்கியிருக்கிறது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்க வந்தார். இருபது மீட்டர் உயரத்தில் ஃபிளாப்பை மூன்றாம் பல்லுக்கு இழுத்திருக்கிறார். வலது இறக்கை சரிந்து தரையைத் தொட்டது. விமானம் ஒரு சுழற்றுச் சுழன்று சோளக்காட்டில் போய் நின்றது.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கும் பலகை. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதைக் கீழே இறக்கினால் விமானம் மெதுவாக வந்தாலும் காற்று தாங்கும். இருக்கைகளுக்கு நடுவே காரின் கைப்பிரேக் மாதிரி ஒரு லீவர் இருக்கிறது. அதற்கு மூன்று பல். முதல் பல்லுக்குப் பத்து டிகிரி, இரண்டாவதற்கு இருபது, மூன்றாவதற்கு முப்பது. மூன்றாம் பல்லை மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்த பிறகு வேகத்தை எழுபத்தைந்துக்குக் கீழே விடக் கூடாது. இரண்டில் ஒன்றை ஜெரால்டு மீறியிருக்கிறார். வேறு காரணம் இருக்க வழியில்லை.

அவருக்கு வலது தொடை எலும்பும் தோள் எலும்பும் முறிந்திருக்கின்றன. தலையிலும் அடி. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

நான் அழைத்திருந்த கல்லூரிப் பேராசிரியர்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

போர்வெல் மோட்டாரில் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. கழற்றி, சுற்றக் கொடுத்தேன். இரண்டு நாளைக்குத் தண்ணீர் லாரிதான்.

பிப்ரவரி 15, வியாழன்

மருத்துவமனைக்குப் போனேன். என் மனைவி தெய்வானை ராகிக் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். ஜெரால்டுக்கு நினைவு நன்றாகத் திரும்பிவிட்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதிதான் இருக்கிறது.

“மில்கார வூட்டுல இட்லி சாப்ட்டது ஞாபகம் இருக்குதுங்ணா. தேங்காச் சட்னில உப்பு கம்மி. அதுக்கப்புறம் கண்ணு முழிச்சா இந்த ஃபேன். நடுவுல ஒன்னுமே இல்லீங்ணா” என்றார்.

அவர் மனைவி ரெஜினா கட்டிலின் மறுபக்கம் நின்றார். “அந்த இட்லிய மட்டும் பத்து வாட்டி சொல்லிட்டாருங்க. இனி அவிங்க வூட்டுப் பக்கம் போனா உப்புப் பொட்டலம் எடுத்துட்டுத்தான் போவணும்” என்றார். நான் சிரித்தேன். ஜெரால்டு சிரிக்கவில்லை.

“அண்ணா, நான் மூணாவது பல்ல இழுத்தனுங்களா?”

“லீவர் அங்கதான் நின்னுது” என்றேன்.

“நானே ஒட்டுன காகிதமுங்ணா. நானே எப்பிடி மறந்தேன்?”

காகிதத்தைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன். முன்பு பறந்த பதினான்கு முறையும் ஜெரால்டு இரண்டாம் பல்லோடு நிறுத்திக்கொண்டார். ஜனவரியில் ஒரு நாள் இறங்கி வந்தவர், இரண்டாம் பல்லிலேயே விமானம் வலது பக்கம் கொஞ்சம் இழுக்கிறது, ஃபிளாப்பை ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வருடமாக லேத் ஓட்டுகிறேன். ஒருமுறை அளந்ததை இரண்டாம் முறை அளக்கிறவன் முதல்முறை அளக்கவே இல்லை என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்கிறவன் நான். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘அளக்கும்வரை 3ஆம் பல் வேண்டாம்’ என்று எழுதி, லீவருக்கு மேலே கண்ணாடி டேப்பால் ஒட்டிவிட்டுப் போனார்.

விழுந்தபோது அந்தக் காகிதம் அங்கே இல்லை. வெயிலில் டேப் விட்டிருக்கும்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “ஏறுறதுக்கு முன்னால நான் உங்கள ஏதாச்சும் கேட்டனுங்ளாண்ணா?”

கேட்டதாக ஞாபகம் இல்லை என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

உடைந்த விமானம் லாரியில் வந்து இறங்கியது. இடது இறக்கை முழுசாக இருக்கிறது. வலது இறக்கை நுனியிலிருந்து பாதிவரை சப்பளிந்துவிட்டது. ஆனால் ஃபிளாப்பும் அதன் கம்பியும் உடம்பை ஒட்டிய பகுதியில் இருப்பதால் தப்பித்துவிட்டன.

தெய்வானை புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பெட்ரோல் வாடை. “ஏனுங், நான் அப்பவே சொன்னனுங்களே. பின்னால நின்னு பாத்தா எடதுபக்கப் பலகை கொஞ்சம் எறங்கித் தொங்குதுன்னு. பாவாடை ஓரம் தெச்சது ஏத்த எறக்கமா இருந்தா எனக்குத் தெரியாதுங்களா?”

“பாவாடையும் ஃபிளாப்பும் ஒன்னா?” என்றேன்.

“தொங்குறது எல்லாம் ஒன்னுதானுங்” என்றாள்.

அவள் அதைச் சொன்னது நவம்பரில். கண் பொய் சொல்லும், ரசமட்டம் பொய் சொல்லாது என்று அப்போதே பதில் சொல்லிவிட்டேன். ரசமட்டக் குமிழி பதித்த என் கோணமானி ஜெர்மன் சாமான். இன்றும் அதையேதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாயங்காலம் துணி ஊறவைக்கப் போனவள் திரும்பி வந்து, சாப்பாட்டு மேசையில் நான்காக மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை வைத்தாள். ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தது.

“பதினொன்னாந்தேதி போட்டுட்டுப் போன சட்டைப் பையில இருந்துச்சுங்.”

சாம்பார் ஊற்றினாள்.

கீழே விழுந்து கிடந்ததை நான் எடுத்து வைத்திருக்கலாம். இந்த வயதில் எல்லாம் நினைவில் நிற்பதில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

விசாரணை அதிகாரி போன் செய்தார். ஒரு பெண். 28ஆம் தேதி பதினொரு மணிக்குப் பட்டறைக்கு வருகிறாராம். கட்டியவரின் வாக்குமூலம் எழுத்தில் வேண்டும், விமானத்தில் எதையும் கழற்றக் கூடாது என்றார். “நீங்க எந்தக் காலேஜ்லங்க படிச்சீங்க?” என்று கேட்டார். என் பெயர் போட்ட பட்டறை இருக்கிறது, அங்கே படித்தேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். ‘விமானம் வரைபடத்தின்படி கட்டப்பட்டது. ஃபிளாப் கோணங்கள் அளந்து பொருத்தப்பட்டவை. வேக எல்லைகள் அட்டையில் எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தன. விபத்துக்கு ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம்.’

நான்கு வரி. நான்கிலும் எழுத்துப்பிழை கிடையாது.

பிப்ரவரி 21, புதன்

மோட்டார் வந்தது. மாட்டினேன். தண்ணீர் வருகிறது. சர்க்கரை மாத்திரை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஜெரால்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒண்டிப்புதூரில் மாடி வீடு. அவரைப் படியில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்களாம். நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார்.

ரெஜினா அவருடைய வாக்குமூலத்தைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல ரெஜினாதான் எழுதியிருக்கிறார். ‘மூன்றாம் பல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று எல்லை வைத்தவன் நானே. அதை நானே மீறினேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டியவர் மீது எந்தக் குறையும் இல்லை.’

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன்.

“கையெழுத்துப் போட்டாச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்கண்ணா. எடது கைல போட்டுப் பழகிட்டிருக்காரு. அதுல கையெழுத்துப் போட்டா லைசென்ஸு போயிருமுங்க. போனாப் போவுது, அத நாங்க சமாளிச்சுக்குவோம்.” குரலைத் தாழ்த்தினார். “அவரு சொல்றதுதான் கேக்க முடியலீங்க. இனி எம் பக்கத்துல எந்தப் புள்ளையையும் உக்கார வெச்சுப் பறக்க மாட்டேங்கறாரு. நான் போட்ட கோட்ட நானே தெரியாமத் தாண்டறேன்னா என்னைய எவன் நம்புவான்னு கேக்கறாரு. பத்தொம்பது வருசமுங்கண்ணா. ஒரு தடவ செக் பண்ணாம ஏறுனதில்ல. வூட்டுல கேஸ் சிலிண்டரக்கூட மூணு வாட்டி மூடற ஆளு.”

காப்பி கொடுத்தார். பாதி குடித்தேன். அவர் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

இனி எழுதுவதை 12ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும்.

போன வருடம் அந்தக் கல்லூரியில் என் விமானத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டுப் போனேன். துறைத் தலைவர் என் படங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “ஐயா, இது விமானம். மோட்டார் பம்பு இல்லை” என்றார். சுற்றி இருந்த மூவரும் சிரித்தார்கள். அந்த நால்வரைத்தான் 11ஆம் தேதி வரவழைத்திருந்தேன். அவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ‘அளக்கும்வரை’ என்று என் விமானத்துக்குள்ளேயே ஒட்டியிருப்பதைப் படிப்பார்கள். எட்டே முக்காலுக்கு, ஜெரால்டு கை கழுவப் போயிருந்த நேரத்தில், காகிதத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டேப் நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன்.

அவர் வந்து உட்கார்ந்து, பட்டையை மாட்டினார். லீவரைப் பார்த்தார்.

“அண்ணா, காகிதத்தக் காணோமுங்?”

“அளந்தாச்சு” என்றேன்.

“ரெண்டு பக்கமுமுங்களா?”

“ரெண்டு பக்கமும்தான். சரி பண்ணியாச்சு. மூணாவது பல்லுல எறக்கிக் காட்டுங்க, வாத்தியாருக பாக்கட்டும்.”

“நீங்க சொன்னாச் சரிங்ணா” என்று கதவை மூடினார்.

நான் அளக்கவே இல்லை. லீவரின் அடியில் ஒரு நட்டை மட்டும் இறுக்கியிருந்தேன்.

பிப்ரவரி 24, சனி

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

எழுதியதால் பாரம் ஒன்றும் இறங்கிவிடவில்லை. பொய் சொன்னேன், சரி. ஆனால் என் அளவு சரியென்றால் அந்தப் பொய்யால் விமானம் விழுந்திருக்காது. முப்பது டிகிரி முப்பது டிகிரிதான். வலது பக்க இழுப்பு ஜெரால்டின் கைவாகு என்றுதான் இன்று காலைவரை நம்பினேன். அதனால் அளக்கப் போனேன். எழுபத்தோரு வயதில் முதன்முதலாக ஒன்றை இரண்டாம் முறை அளந்தேன்.

எதையும் கழற்றவில்லை. ஃபிளாப்பிலிருந்து கொம்பு மாதிரி ஓர் இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு துளை. லீவரின் கம்பி அந்தத் துளையில் மாட்டும். துளை கீலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதே இழுப்புக்கு ஃபிளாப் அதிகம் இறங்கும். தள்ளி இருந்தால் குறைவாக இறங்கும். இடது பக்கத் துளை கீலிலிருந்து அறுபது மில்லிமீட்டர். வலது பக்கத் துளை எண்பத்திரண்டு.

எனக்கு இது தெரியும். துளை போட்டவன் நான். நூறில் ஒரு மில்லி பிசகினால் சாமானைத் திருப்பி அனுப்புகிறவன், இருபத்திரண்டு மில்லியை எப்படி விட்டேன்?

பழைய நாட்குறிப்பை எடுத்தேன். போன அக்டோபர்.

‘22, ஞாயிறு. வாலுக்கு அடியில் முக்காலி வைத்து விமானத்தை மட்டமாக நிறுத்தி, இடது ஃபிளாப் பொருத்தினேன். மூன்றாம் பல்லில் கோணமானி 30. கச்சிதம்.’

‘23, திங்கள். ஆயுத பூஜை. விமானத்தைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரித் தட்டு வைக்க உயரமாக ஒன்றும் இல்லை என்று தெய்வானை முக்காலியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கருவிகள் எல்லாம் பூஜையில். வேலை இல்லை.’

‘24, செவ்வாய். விஜயதசமி. நல்ல நாளில் நல்ல வேலை. வலது ஃபிளாப் பொருத்தினேன். 30 வருவதற்குத் துளையை 22 மி.மீ. தள்ளிப் போட வேண்டியிருந்தது. கை வேலை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராது. கோணமானி 30 காட்டுகிறது. அது போதும்.’

முக்காலி திரும்பி வந்ததாக எங்கேயும் இல்லை.

என் விமானத்துக்குப் பின்சக்கரம் வாலுக்கு அடியில் இருக்கிறது. முக்காலி இல்லாவிட்டால் வால் தரையில் உட்காரும், மூக்கு நிமிரும், இறக்கையின் பின்விளிம்பு தானாகவே எட்டு டிகிரி கீழே சாயும். ஃபிளாப்பை இறக்காமலேயே குமிழி எட்டு டிகிரி காட்டும். அந்த எட்டையும் சேர்த்து நான் முப்பது என்று படித்தேன். ரசமட்டம் பொய் சொல்லவில்லை. அது பூமியைப் பார்த்துச் சொன்னது. நான் இறக்கையைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இடது முப்பது, வலது இருபத்திரண்டு. முதல் பல்லில் வித்தியாசம் தெரியாது. இரண்டாம் பல்லில் ஐந்து டிகிரி, கை உணரும். மூன்றாம் பல்லில் எட்டு. மெதுவாகத் தரையை நெருங்கும்போது இடது இறக்கை தூக்கும், வலது சரியும். நிமிர்த்த வேகமும் இருக்காது, உயரமும் இருக்காது. ஜெரால்டு எந்த எல்லையையும் மீறவில்லை. நான் கொடுத்த எல்லையே பொய்.

தெய்வானையிடம் முக்காலி எங்கே என்று கேட்டேன்.

“சமையக்கட்டுலதானுங். பூசைல இருந்து அங்கதான கெடக்குது. அதுமேலதான் அரிசி டின்னு வெச்சிருக்கேன்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஏனுங், தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள்.

பிப்ரவரி 26, திங்கள்

ஒண்டிப்புதூர் போனேன். ஜெரால்டு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால் நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்ணா. பாருங்க, கோழி கிண்டுன மாதிரி இருக்குது.”

உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். முதலில் முக்காலி, எட்டு டிகிரி, துளை. அது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் தொழில்காரர் மாதிரி கேட்டார். நடுவில் “அட, வாலு கீழ இருந்துச்சுங்களா!” என்றார். “யாருக்கும் வர்ற தப்புத்தானுங்ணா. ஆனா நான் அளக்கறவரைக்கும் தொட மாட்டேன்னு எழுதி ஒட்டிட்டுத் தொட்டிருக்கேனே. அது என் தப்புத்தானே?”

அங்கேயே நிறுத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதை அவரே திறந்து வைத்தார். இரண்டு நொடி அந்த வழியில் நின்றேன் என்பதையும் எழுதுகிறேன்.

பிறகு காகிதத்தை எடுத்து அவர் நோட்டின் மேல் வைத்தேன். “நாந்தான் பிச்சேன். நீங்க ஏறி உக்காந்ததும் கேட்டீங்க. காகிதத்தக் காணோமேன்னு. அளந்தாச்சுன்னு சொன்னேன். ரெண்டு பக்கமுமான்னு கேட்டீங்க. ஆமான்னேன். அளக்கல. ஆஸ்பத்திரிலயும் பொய்தான் சொன்னேன்.”

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

“கேட்டனுங்களா?”

“கேட்டீங்க.”

“ரெண்டு பக்கமுமான்னு கேட்டனா?”

“ஆமா.”

“ரெஜினா!” என்று கூப்பிட்டார். “ரெஜினா, இங்க வா. நான் கேட்டிருக்கேன். மறக்கல. கேட்டிருக்கேன். ரெண்டு வாட்டி கேட்டிருக்கேன்.”

ரெஜினா ஈரக்கையோடு ஓடி வந்தார். அவர் இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிரித்தார் என்றும் சொல்லலாம். பதினைந்து நாளாக அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருந்தது எது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோட்டிலிருந்து வாக்குமூலத்தைக் கிழித்து ரெஜினாவிடம் கொடுத்தார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“இத விசாரணைக்கு வர்ற அந்தம்மாகிட்டக் குடுத்துருங்க.”

“குடுத்தர்றேன்.”

“சரி. கெளம்புங்க.”

ஐந்து வருடப் பழக்கம். அண்ணா போடாமல் அவர் எனக்கு விடை கொடுத்தது அதுதான் முதல்முறை. ரெஜினா வாசல்வரை வரவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

பட்டறையைக் கூட்டினேன். அரிசி டின்னை இறக்கிவிட்டு முக்காலியைத் துடைத்து, விமானத்தின் பக்கத்தில் வைத்தேன். தெய்வானை, “நானுங்கூட அன்னைக்கு அதக் கேக்காம இருந்திருக்கலாமுங்” என்றாள். நீ கேட்டது பொரித் தட்டு வைக்க, திருப்பி வைக்க வேண்டியவன் நான் என்றேன். நவம்பரில் நீ சொன்னதும் சரி என்றேன். “அத இன்னொருக்கா சொல்லுங்” என்றாள். சொன்னேன்.

பிப்ரவரி 28, புதன்

இப்போது மணி பத்தரை. அதிகாரி பதினொன்றுக்கு வருகிறார். அந்த நான்கு வரி வாக்குமூலத்தை அடுப்பில் போட்டாயிற்று. புதிதாக எழுதவில்லை. அக்டோபர் நாட்குறிப்பையும் இதையும் அப்படியே கொடுக்கப் போகிறேன். நடந்தது எதுவோ அது இருக்கிறது. நான் மழுப்பியதும் தேதியோடு இருக்கிறது. எதையும் அடிக்கவில்லை, திருத்தவில்லை.

ஜெரால்டின் காகிதத்தை இந்தப் பக்கத்தின் கீழே ஒட்டியிருக்கிறேன். புது டேப் போடவில்லை. அவர் ஒட்டிய அதே பழைய டேப்தான். நேற்று அதை விமானத்துக்குள் லீவருக்கு மேலே, பழைய இடத்திலேயே ஒட்டி, விமானத்தை வெயிலில் தள்ளி நிறுத்தி, காலையிலிருந்து சாயங்காலம்வரை எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

விடவில்லை.